கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல: பிள்ளையைத் தேய்க்காதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்

பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது வாங்குகளுக்கிடையே நடந்து செல்கின்ற ஆசிரியரின் கண்ணில் முதலில் படுவது அவர்களின் பிடரிதான். ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறி முதல் நியமனம் பெற்ற காலத்தில் நான் கண்ட பிடரிகளில் வியர்வையும் விளையாட்டு மைதானத்துப் புழுதியும் இருந்தன. இப்போது நான் படிப்பிக்கின்ற அநேகமான வகுப்புகளில், சற்றுப் பருமனான ஓரிரு பிள்ளைகளின் பிடரியில் கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறது. கையால் தொட்டால் வெல்வெட் துணியைத் தொட்டது போல சற்றுத் தடிப்பாக, மெதுவாக இருக்கும். கிட்டப் பார்த்தால் தோலின் மடிப்புக் கோடுகள் ஆழமாகத் தெரியும்.

இந்தக் கறுப்பைப் பற்றி அந்தப் பிள்ளைகள் கேட்கின்ற வார்த்தைகள் ஒன்றா இரண்டா? "ஒழுங்கா குளிக்கிறல்லயா?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். "ஒளு செய்யும்போது கழுத்தைத் தடவுறல்லயா?" என்று ஓதப்போன இடத்தில் கேட்கிறார்கள். பக்கத்து வாங்குப் பிள்ளைகள் வைக்கின்ற பட்டப்பெயர்களை இங்கே எழுதத் தேவையில்லை. வீட்டில் உம்மா தேசிக்காய், உப்பு, பீர்க்கங்காய் நார் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தேய்க்கிறார். பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஒரு தாய் என்னிடம், "எவ்வளவு தேச்சாலும் போகுதில்ல சேர், தேய்க்கத் தேய்க்க கூடுது" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அது போகாது. காரணம், அது தோலுக்கு மேலே படிந்த அழுக்கு அல்ல. உடலுக்குள்ளே நடக்கின்ற ஒன்றின் வெளி அடையாளம் அது.

வைத்தியத்தில் இதற்கு அக்கன்தோசிஸ் நைக்ரிக்கன்ஸ் என்று பெயர். பெயரை மனனம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் வைத்தியர் சொல்லும்போது பயப்படாமலிருக்கக் கேட்டு வைத்திருப்பது நல்லது. பிடரியிலும் கழுத்தின் இரு பக்கங்களிலும்தான் அதிகம் தெரியும். கமக்கட்டு, தொடை இடுக்கு, முழங்கையின் உட்புறம், விரல் மொழிகளின் மேற்புறம் ஆகிய இடங்களிலும் வரலாம். சில பிள்ளைகளுக்கு அதே இடங்களில் பாலுண்ணி போன்ற சிறிய தசைத் தொங்கல்களும் இருக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதும், எல்லை இன்னதென்று வெட்டினாற் போல் தெரியாமல் மெல்ல மெல்ல மங்கிச் செல்வதும் இதன் தன்மை. வட்டமாக, ஓரம் சிவந்து, கடுமையாகச் சொறிந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை போன்ற வேறொன்றாக இருக்கும். அதற்கு வேறு மருந்து. எதுவானாலும் வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இணையத்தில் இந்தப் பெயரைத் தேடுகின்ற பெற்றோர் சிலர் "புற்றுநோய்" என்ற சொல்லைக் கண்டு பதறிப் போகிறார்கள். 1890 அளவில் ஐரோப்பாவில் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது, உள்ளுறுப்புப் புற்றுநோயுள்ள வளர்ந்தவர்களோடுதான் தொடர்புபடுத்தப்பட்டது. இன்றும், மெலிந்த நடுவயதுக்காரர் ஒருவருக்கு இது திடீரெனத் தோன்றி வேகமாகப் பரவினால் வைத்தியர்கள் அந்தக் கோணத்திலும் பார்ப்பார்கள். பருமனான ஒரு பிள்ளையின் கழுத்தில் மெல்ல மெல்ல வருகின்ற கறுப்பு அந்த வகையல்ல. இதன் மறு பக்கம் தெளிவானது பிறகுதான். 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரொனால்ட் கான் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், இந்தக் கறுப்பும் கடுமையான இன்சுலின் எதிர்ப்பும் ஒன்றாகச் சேர்ந்திருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதன் பின்னர் கழுத்துக் கறுப்பைக் காண்கின்ற வைத்தியரின் கேள்வி மாறிவிட்டது. "இந்தப் பிள்ளையின் இன்சுலின் என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்பதே இன்று அவர் கேட்கின்ற முதற் கேள்வி.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன? ஆசிரியர் என்ற வகையில் எனக்குத் தெரிந்த உதாரணத்தால் சொல்கிறேன்.

நாம் உண்ணும் சோறு, பாண், இடியப்பம், சீனி எல்லாம் சமிபாடடைந்து குளுக்கோசாக இரத்தத்தில் சேர்கிறது. சதையி என்ற உறுப்பு உடனே இன்சுலினைச் சுரக்கிறது. "குளுக்கோசை உள்ளே எடுங்கள்" என்று தசைக்கும் ஈரலுக்கும் கொழுப்புக்கும் அது சொல்கின்ற கட்டளைதான் இன்சுலின். ஆரோக்கியமான உடலில் மெதுவான குரலில் சொன்னாலே போதும். உடலில், முக்கியமாக வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும், கொழுப்பு மிகுந்துவிட்டால் தசையும் ஈரலும் அந்தக் கட்டளையைச் சரியாகக் கேட்பதில்லை. இரைச்சல் மிகுந்த வகுப்பைப் போலாகிவிடுகிறது. ஆசிரியர் என்ன செய்வார்? குரலை உயர்த்துவார். சதையியும் அப்படித்தான், வழமையை விட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து வேலையை ஒருவாறு முடித்துவிடுகிறது. இரத்தத்தில் சீனி கூடுவதில்லை.

ஆனால் அந்தச் சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்கிறதல்லவா? தோலின் கலங்கள்தான் அந்தப் பக்கத்து வகுப்பு. இன்சுலின் குளுக்கோசை உள்ளே அனுப்புகின்ற வேலையை மட்டும் செய்வதில்லை. வளர்ச்சியைத் தூண்டுகின்ற ஓமோன்களின் உறவுக்காரன் அது. அளவு மிதமிஞ்சும்போது, அந்த வளர்ச்சி ஓமோன்களுக்காகத் தோற் கலங்களில் அமைந்துள்ள இடங்களில் போய் இன்சுலினும் ஒட்டிக்கொள்கிறது. கலங்கள் தேவைக்கு மேலாகப் பெருகுகின்றன. தோல் தடித்து, மடிந்து, கறுப்பாகத் தெரிகிறது. ஆக, தேசிக்காய்க்கும் உப்புக்கும் அசைகின்ற பொருள் அங்கே எதுவும் இல்லை. கலங்களைப் பெருகச் செய்கின்ற கட்டளை உள்ளிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

பல பெற்றோர் ஏமாந்து போகின்ற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கறுப்பைக் கண்டு யாரோ சொல்ல, பிள்ளையைத் தனியார் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிச் சென்று வெறும் வயிற்றில் சீனி பார்க்கிறார்கள். டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராம் என்று அறிக்கை வருகிறது. 100 க்குக் குறைவு, சாதாரணம். "ஒன்றுமில்லை" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து அதே சோடாப் போத்தலைத் திறக்கிறார்கள். அந்த 90 எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சதையி தொண்டை கிழியக் கத்தியதால் வந்த 90 அது. ஆசிரியரின் குரல் ஒருநாள் அடைத்துப் போவது போல, வருடக் கணக்கில் இப்படி உழைக்கின்ற சதையியும் ஒருநாள் களைத்துப் போகும். அன்றுதான் சீனி 100 ஐத் தாண்டும், பிறகு 126 ஐத் தாண்டும். 126 என்பது நீரிழிவு என்று தீர்மானிக்கின்ற எல்லை. கழுத்தில் கறுப்பு தெரிவதற்கும் அந்த நாளுக்கும் இடையில் பல வருடங்கள் இருக்கலாம். இன்சுலின் எதிர்ப்பைத் திருப்பி விடக்கூடிய வருடங்கள் அவைதான். எனவே சீனி சாதாரணமாக இருக்கும்போது கறுப்பைக் காண்பது உண்மையில் ஒரு வாய்ப்பு.

அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஆதாரம் இருக்கிறது. பதின்ம வயதில் இரண்டாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளை வருடக் கணக்காகப் பின்தொடர்ந்த "டுடே" என்ற பெரிய ஆய்வின் நீண்டகால முடிவுகள் 2021 இல் வெளியாகின. அவர்கள் சராசரியாக 26 வயதை அடைந்தபோது, 60 சதவீதமானோருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் ஏதாவதொன்றில் குறைந்தது ஒரு பாதிப்பாவது ஏற்பட்டிருந்தது. 26 வயது என்பது எமது பிள்ளைகள் படிப்பை முடித்து, தொழில் தேடி, திருமணம் பேசுகின்ற வயது. ஐம்பதில் வருகின்ற சீனி வருத்தத்தை விட பதினைந்தில் வருகின்றது வேகமானது, கடுமையானது. "உம்மம்மாவுக்கும் சீனி, எனக்கும் சீனி, அவனுக்கும் வரத்தான் செய்யும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகின்ற விடயமல்ல இது.

உம்மம்மாவின் சீனியும் இதில் சம்பந்தப்படுகிறது என்பது வேறு விடயம். குடும்பத்தில் நெருங்கியவர்களுக்கு நீரிழிவு இருப்பதும், பிள்ளை வயிற்றில் இருந்தபோது தாய்க்குக் கர்ப்பகாலச் சீனி இருந்திருப்பதும் அபாயத்தைக் கூட்டுகின்றன. தெற்காசியர்களாகிய எமக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. இந்தியாவின் புனே நகரில் வைத்தியர் யாஜ்னிக்கும் அவரது குழுவினரும் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, எமது பிராந்தியத்துக் குழந்தைகள் நிறையில் மிகக் குறைவாக இருந்தும் உடற்கொழுப்பை ஒப்பீட்டளவில் அவ்வளவாக இழக்காமல், தசையில்தான் குறைந்து பிறப்பதைக் கண்டார்கள். எமது நாட்டுப் பிள்ளைகளிலும் நிறை காட்டுவதை விட உடற்கொழுப்பு அதிகம் என்பதைக் கொழும்புப் பல்கலைக்கழகக் குழந்தை வைத்தியப் பேராசிரியர் பூஜித விக்கிரமசிங்கவின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் "அவன் அப்படியொன்றும் பெரிய குண்டு இல்லையே" என்பது எமக்குப் பொருந்துகின்ற ஆறுதல் அல்ல.

தராசு இல்லாமலே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பிள்ளையை நேராக நிற்க வைத்து உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு நூலால் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்த நூலைச் சரி பாதியாக மடித்து, தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். நூலின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால், இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தும், வாப்பாவுக்கும் பொருந்தும். வாப்பாமார் முதலில் செய்து காட்டினால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

பிள்ளைகளுக்கு இந்த நிலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எல்லோரும் சோறையும் கொத்துரொட்டியையும்தான் காட்டுவார்கள். நான் முதலில் காட்டுவது கதிரையை. தரம் மூன்றிலிருந்தே புலமைப்பரிசில் ஓட்டம் ஆரம்பமாகிவிடுகிறது. காலை ஏழரைக்குப் பாடசாலைக் கதிரை, இரண்டு மணிக்கு மேலதிக வகுப்புக் கதிரை, அஸருக்குப் பிறகு ஓதுகின்ற இடத்தில் பாய், இஷாவுக்குப் பிறகு வீட்டில் வீட்டுப்பாடம், இடையில் தொலைபேசி. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எமது பிள்ளைகளின் நேரசூசியில் அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தசை வேலை செய்யும்போது, இன்சுலினின் உதவி பெரிதாக இல்லாமலே குளுக்கோசை உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஓடி விளையாடிய பிள்ளையின் தசை அதன் பின்னர் பல மணி நேரம் இன்சுலினின் மெல்லிய குரலையும் கேட்கும். எந்த மருந்துக் கடையிலும் இதற்கு ஈடான ஒன்றை வாங்க முடியாது. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் கேட்கின்ற சக ஆசிரியர்களும் இதை வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நித்திரையும் இதில் சேரும். 5 முதல் 13 வயது வரையான பிள்ளைக்கு 9 முதல் 11 மணித்தியால நித்திரை வேண்டும். நோன்பு விடுமுறையில் ஸஹர் வரை விழித்திருந்து லுஹர் வரை தூங்குகின்ற பழக்கம், விடுமுறை முடிந்த பிறகும் பல வீடுகளில் பாதி தொடர்கிறது.

இனி குடிபானங்களுக்கு வருவோம். 2016 ஓகஸ்ட் மாதம் முதல் எமது நாட்டில் இனிப்புப் பானங்களின் போத்தலில் நிற அடையாளம் இடப்பட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. பெற்றோர் பலர் சிவப்பைத் தவிர்த்துவிட்டு செம்மஞ்சளை நிம்மதியாக வாங்குகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு: 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள, செம்மஞ்சள் அடையாளமிட்ட பானம், 400 மில்லிலீற்றர் போத்தல். மொத்தம் 40 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் 10 தேக்கரண்டி. தேநீர்க் கோப்பையொன்றில் யாராவது 10 கரண்டி சீனி போட்டால் கையைப் பிடித்துக்கொள்வோம். குளிராகப் போத்தலில் வந்தால் நாமே திறந்து கொடுக்கிறோம். நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படுகின்ற ஒரு பிள்ளைக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்கின்ற உச்ச எல்லையே ஏறக்குறைய 37 கிராம்தான். அதிலும் பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது என்கிறது. ஒரு போத்தலோடு அன்றைய கணக்கு முடிந்து, கடனும் வந்துவிட்டது. பெட்டியில் வருகின்ற பழச்சாறு, சீனி சேர்த்த பால் பக்கெட், "சக்தி தரும்" என்று விளம்பரம் செய்கின்ற மோல்ட் பானங்கள் எல்லாவற்றின் பின்புறத்திலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உணவைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கும் சங்கடம், வாசிப்பவர்களுக்கும் சங்கடம். வட்டிலப்பமும் புரியாணியும் இல்லாத ஒரு கலியாண வீட்டை நானும் விரும்ப மாட்டேன். வருடத்தில் சில நாட்கள் உண்பதால் எந்தப் பிள்ளையின் கழுத்தும் கறுப்பதில்லை. பிரச்சினை நாளாந்தம் நடப்பதில் இருக்கிறது: காலையில் பாடசாலை வாசலில் ரோல்ஸ், இடைவேளையில் பிஸ்கட், வகுப்பு முடிந்து வரும் வழியில் பெட்டிஸ், இரவு கடைச் சாப்பாடு. ரமழானில் நோன்பு திறக்கின்ற மேசையில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் ஓரத்துக்குப் போய், பொரித்தவையும் நிறமூட்டிய சர்பத்தும் நடுவுக்கு வந்துவிட்டன. பிள்ளையின் தட்டில் சோறு பாதிக்குக் குறைந்து, அந்த இடத்தில் கீரை, மரக்கறி, பருப்பு, மீன் வந்தாலே பெரிய மாற்றம். அதை அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். தம்பி சோடா குடிக்க, தான் மட்டும் தண்ணீர் குடிக்கின்ற பிள்ளை மாமி வீட்டில் போய் ஒளித்துக் குடிக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண் பிள்ளையின் பிடரி ஆசிரியருக்கும், முடி வெட்டுபவருக்கும், பள்ளியில் பின் ஸப்பில் நிற்பவருக்கும் தெரியும். எமது பெண் பிள்ளைகளின் கழுத்து பர்தாவுக்குள் இருப்பதால் அதைக் காணக்கூடியவர் வீட்டிலுள்ள உம்மா மட்டும்தான். தலைமுடி பின்னி விடுகின்ற நேரத்தில் உம்மா பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அதோடு, பருவமடைகின்ற வயதில் இயல்பாகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்சுலின் எதிர்ப்பு சற்றுக் கூடும். அதே வயதில்தான் எமது சமூகத்தில் பெண் பிள்ளைகளின் ஓட்டமும் விளையாட்டும் ஏறக்குறைய நின்று போகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மிகையான இன்சுலின் சூலகத்தையும் தூண்டுவதால், சில பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கீனமாகும், முகத்தில் முடி வளரும், முகப்பரு கூடும். கழுத்துக் கறுப்போடு இவையும் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான்" என்று வருடக் கணக்கில் விட்டுவிடுகின்ற வழக்கம், பின்னர் கலியாணமான பிறகு பிள்ளையில்லை என்று வைத்தியசாலை ஏறுகின்றபோதுதான் கேள்விக்குள்ளாகிறது. வீட்டு முற்றத்தில் கயிறடிப்பது, சகோதரிகளோடு பட்மின்டன், மாலையில் உம்மாவோடு வேக நடை, இவற்றில் எதற்கு மார்க்கத்தில் தடை இருக்கிறது? எனக்குத் தெரிந்து வழக்கம்தான் தடை.

வெள்ளையாக்கும் கிறீம்கள் விடயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். கறுப்பு நிறத்தையே ஒரு குறையாகப் பார்க்கின்ற சமூகம் எமது. பெண் பார்க்கப் போகின்ற வீட்டில் முதல் கேள்வியே நிறம்தான். அந்த மனநிலையோடு கழுத்துக் கறுப்பைக் காண்கின்ற தாய், பெயர் தெரியாத நாட்டிலிருந்து வந்த, முத்திரையில்லாத கிறீமை வாங்கிப் பூசுகிறார். இத்தகைய கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகின் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பாதரசத்துக்கெதிரான மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள அழகுசாதனப் பொருட்களை 2020 இன் பின்னர் உற்பத்தி செய்வதையும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதையும் தடை செய்யும் அளவுக்கு இது பாரதூரமானது. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். வேறு சிலவற்றில் ஸ்டீரொய்ட் மருந்து கலந்திருக்கும், தோலை மெலிதாக்கிக் கெடுத்துவிடும். உரமாகத் தேய்ப்பதும் தோலைப் புண்ணாக்கி மேலும் கறுக்க வைக்கும். பிள்ளை கழுத்தைப் பற்றி மிகவும் வெட்கப்பட்டால், அதற்கென்று தோல் வைத்திய நிபுணர் தரக்கூடிய பூச்சு மருந்துகள் இருக்கின்றன. அவை தோற்றத்துக்கு உதவும், காரணத்தைத் தொடாது.

சரி, வைத்தியரிடம் போனால் என்ன நடக்கும்? உயரமும் நிறையும் அளந்து வயதுக்குரிய உடற்றிணிவுச் சுட்டியைப் பார்ப்பார். இரத்த அழுத்தம் பார்ப்பார். வெறும் வயிற்றுச் சீனியோடு, மூன்று மாதச் சராசரியைக் காட்டுகின்ற எச்.பி.ஏ.வன்.சி சோதனை, குளுக்கோசு குடிக்க வைத்துச் செய்கின்ற சோதனை, கொழுப்பு, ஈரல் ஆகியவற்றில் தேவையானதைத் தீர்மானிப்பார். பருமனான பிள்ளைகளின் ஈரலில் கொழுப்புப் படிவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிரச்சினைதான். பிள்ளை ஏதாவது மருந்து பாவித்தால் அதையும் சொல்லுங்கள். சில மருந்துகளாலும், அரிதாகச் சில பரம்பரைக் காரணங்களாலும் இதே கறுப்பு வரலாம். பருமனில்லாத பிள்ளைக்குக் கறுப்பு இருந்தால் அந்த வழியிலும் தேட வேண்டியிருக்கும். மறுபுறம், கழுத்து வெள்ளையாக இருக்கின்றதென்பதற்காகப் பருமனான பிள்ளையைப் பரிசோதிக்காமல் விடவும் கூடாது. இன்சுலின் எதிர்ப்புள்ள எல்லோருக்கும் தோல் காட்டிக் கொடுப்பதில்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை மருந்து அல்ல. வளர்கின்ற பிள்ளை என்பதால், பல வேளைகளில் நிறையை இறக்க வேண்டியதே இல்லை. நிறை கூடாமல் ஒரு வருடம் நின்று உயரம் கூடினாலே கணக்கு மாறிவிடும். பட்டினி போடுவது, இணையத்தில் பார்த்த உணவுமுறையைப் பரீட்சிப்பது, உம்மம்மாவின் நீரிழிவுக் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது, இவை மூன்றும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைக் கற்பனை என்று நினைக்காதீர்கள். குளிசை தேவைப்பட்டால் அதை வைத்தியர் முடிவு செய்வார். கறுப்பு மங்குவதற்கு மாதங்கள் எடுக்கும். இரண்டு வாரத்தில் கழுத்தைப் பார்த்துவிட்டு மனம் சோர்ந்து போகக் கூடாது. மங்கத் தொடங்கினால் உள்ளே இன்சுலினின் குரல் தணிகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

பாடசாலையின் பங்கு என்ன? அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் 1999 இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீரிழிவு அதிகமாகக் காணப்பட்ட மெக்சிகோ எல்லையோரப் பகுதிகளில் ஆரம்பித்து, மாணவர்களின் கண்ணையும் காதையும் பரிசோதிக்கின்ற அதே வேளையில் பிடரியையும் பார்த்து, கறுப்பு இருந்தால் உயரம், நிறை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் எடுத்து, பெற்றோருக்குக் கடிதம் அனுப்புகின்ற முறை அது. பிள்ளையைத் தனியாகப் பார்ப்பது, பெற்றோருக்கு மட்டும் அறிவிப்பது என்ற இரண்டும்தான் அதில் எனக்குப் பிடித்தவை. எம்மிடம் இதற்குப் புதிய சட்டமே தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பாடசாலை வைத்தியப் பரிசோதனை ஏற்கனவே இருக்கிறது. பெரிய பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆம் தர மாணவர்கள் பார்க்கப்படுகிறார்கள். ஆனால் தரம் 4 இல் பார்த்துவிட்டுப் போன பிள்ளை அடுத்து தரம் 7 இல்தான் பார்க்கப்படுகிறது. புலமைப்பரிசில் கதிரையில் நிறை கூடுவதும், பருவமடைவதும், கழுத்து கறுப்பதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. வகுப்பாசிரியர் கவனித்தால் பெற்றாரை அழைத்து இரண்டு நிமிடம் தனியாகப் பேசலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வரும் நாளில் பெயரைச் சொல்லி வைக்கலாம். வகுப்புக்கு முன்னால் பிள்ளையை நிறுத்திக் கழுத்தைப் பார்க்கின்ற வேலையை மட்டும் யாரும் செய்யக் கூடாது. சிற்றுண்டிச்சாலையைப் பொறுத்தவரை, எதை விற்கலாம் எதை விற்கக் கூடாதென்று கல்வியமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அதிபரின் அறையில் கோப்பில் இருக்கின்ற அதைப் பாடசாலை அபிவிருத்திக் குழுவிலுள்ள பெற்றோர் ஒருமுறை கேட்டு வாங்கி வாசித்தால் போதும்.

வைத்தியரிடம் செல்லும்போது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை, அதாவது பிறந்தபோது தந்த அந்தப் புத்தகத்தை, தேடி எடுத்துக்கொண்டு போங்கள். பிறந்த நிறையும் பிறகு வளர்ந்த கோடும் அதில் இருக்கும். தாயின் கர்ப்பகாலச் சீனி, வீட்டில் யார் யாருக்கு நீரிழிவு, கறுப்பு எப்போது தொடங்கியது, பெண் பிள்ளையென்றால் மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அரசாங்க வைத்தியசாலைக் குழந்தைகள் கிளினிக்கில் இதற்குப் பணம் தேவையில்லை. போகின்ற வழியில் பிள்ளைக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள்: "இது அழுக்கு இல்ல மகன். நீ ஒழுங்காத்தான் குளிக்கிறாய்."